ஈரம் கழித்த எடை

ஜூன் 2, செவ்வாய்

காலையில் எடை மேடையைப் பெருக்கிவிட்டு வழக்கம்போல் நானே ஏறி நின்றேன். அறுபது என்றது. நான் அறுபத்தெட்டு கிலோ. லாரி நிறுக்கும் மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும். அறுபதுக்குக் கிட்டே இருந்தால் அறுபது, எண்பதுக்குக் கிட்டே இருந்தால் எண்பது. என்னுடைய எட்டு கிலோவை இத்தனை வருஷமாக அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மதியம் பாஸ்டர் கேபினுக்கே வந்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி ஆராதனையில் சபையாரில் ஒருவர் பேச வேண்டுமாம். "கடவுள் தம்ம மகிமையைப் படைப்பிலும் வரலாற்றிலும் எப்படிக் காட்டுறார், இதான் தலைப்பு. நீங்கதான் பேசறீங்க." எனக்கெல்லாம் எதற்கு ஐயா என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உள்ளுக்குள் ஆசைதான். அவர் படியிறங்குவதற்குள் பாதிப் பேச்சு தயார். முதலில் வானம், கடல், மலை. பிறகு வரலாறு. ஜமாய்த்துவிடலாம்.

ஹார்ன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். லாரி ஓட்டுகிறவன்; அவன் வருவது ஊருக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். "அண்ணே, கடவுளை ஒருநாள் இந்த மேடையில ஏத்தி எடை போட்டுச் சொல்லிடுங்க, எல்லாச் சண்டையும் தீர்ந்துரும்" என்றான். அவன் கொண்டுவந்த மணல் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துக்குக் கழித்துத்தான் எழுதினேன். "தண்ணியும் எடைதானே அண்ணே!" "எடைதான். மணல் இல்ல." மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

வீட்டில் இவளிடம் சொன்னேன். "சீக்கிரம் முடிச்சிருங்க. நீங்க பேச ஆரம்பிச்சா வரலாறே முடிஞ்சிரும்" என்று சிரிக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த ஆறு மாத வயிறும் கூடச் சேர்ந்து குலுங்குகிறது.

ஜூன் 5, வெள்ளி

பிறந்துவிட்டாள். மூன்று மாதம் முன்னாலேயே. தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.

ஜூன் 6, சனி

கண்ணாடிப் பெட்டி. கையை விட இரண்டு ஓட்டைகள். உள்ளே குழாய்களுக்கு நடுவில் தேடித்தான் அவளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாதம் என் கட்டைவிரல் அளவு. தோல் வழியாக உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிறது. பெட்டியின்மேல் அவளுக்குப் பெயர் கிடையாது. தாய் என்று இவள் பெயரை எழுதி, அதன் கீழே பெண் குழந்தை என்று மட்டும். இவள் "மிளகு" என்று கூப்பிடுகிறாள். அதுவே நிலைத்துவிட்டது.

பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் சொல்கிற நர்ஸ் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். கையை நல்லாக் கழுவுங்க. தினமும் வாங்க. அதுதான் உங்க வேலை."

பக்கத்துப் பெட்டியில் ஒரு பையன். அவன் அப்பா தையல்காரர். சட்டைக் காலரில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. கை கழுவுகிற இடத்தில் அதைக் கழற்றச் சொன்னார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முப்பது டன், நாற்பது டன் என்று நாள் பூராவும் நிறுக்கிறவன் நான். என் மேடையில் மிளகை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். அவள் இல்லை என்றே சொல்லும்.

ஜூன் 9, செவ்வாய்

எண்ணூற்று அறுபது. இறங்கியிருக்கிறது. பிறந்ததும் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள். இறங்குவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது?

வேலைக்குப் போனேன். பேச்சுக்குக் குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். படைப்பு என்று தலைப்புப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் படைப்பு வரிசையில் நிற்கிறது: மலையை உடைத்து லாரி லாரியாகக் கொண்டுவந்து என் மேடையில் ஏற்றுகிறார்கள். வானம் அவருடைய மகிமையைச் சொல்கிறது என்று சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன். இன்றைக்குப் பார்த்தேன். தூசி. தூசிக்குப் பின்னால் வெயில். அது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மலையைச் செய்தவருக்கு ஒரு சின்ன நுரையீரலை முழுசாகச் செய்து முடிக்கப் பொறுமையில்லையா? ஏன் பாதியில் அனுப்பினீர்?

குறிப்பைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாமல் பாடம் நடத்தினார். அவர் சுபாவம் அப்படி. பேச்சுக்கு உதவும் என்று நினைத்தாரோ என்னவோ. "மகிமைக்கு எபிரேயத்துல இருக்கிற சொல், பாரம்னு அர்த்தப்படுற வேர்லேர்ந்து வந்தது. நம்ம பாஷையிலயும் பாருங்க, கனம்னா மரியாதை, கனம்னா எடை. ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்."

அவர் போய் வெகு நேரம் அந்தச் சொல்லே காதில் ஓடிக்கொண்டிருந்தது. கனம். கனத்துக்குரியவர் என்று எத்தனை தடவை ஜெபத்தில் சொல்லியிருப்பேன்! என் பிழைப்பே எடைதான், அவர் மகிமையும் எடைதான் என்றால், எனக்குப் புரிகிற பாஷையில்தானே பேசுகிறார்? இனி வானத்தைப் பார்க்க வேண்டாம், தராசைப் பார்த்தால் போதும்.

ஆண்டவரே, அவளுக்குக் கனம் கொடும். அதையே உம்முடைய மகிமை என்று சபை நடுவில் எழுந்து நின்று சொல்கிறேன். பேரம் பேசுகிறேன் என்று தெரிகிறது. பேசினால் என்ன, ஊரைக் காப்பாற்ற ஆபிரகாம் உம்மோடு பேசவில்லையா?

ஜூன் 12, வெள்ளி

எண்ணூற்றுத் தொண்ணூறு!

ஜூன் 13, சனி

தொள்ளாயிரத்து ஐம்பது. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். கன்னம் பூசினாற்போல் இருக்கிறது. இமைகூடத் தடித்திருக்கிறது. தையல்காரர் எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணு தேறிட்டா. எங்காளு இன்னும் குச்சியாத்தான் இருக்கான்" என்றார். பெருமையாக இருந்தது. இருக்கக் கூடாது, ஆனால் இருந்தது.

இவள்தான், "என்னமோ மினுமினுன்னு இருக்கா, எனக்குப் பிடிக்கலங்க" என்றாள். பெற்றவளுக்கு எப்போதும் சந்தேகம்.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் புதிதாக வந்த நர்ஸ் எடை போட்டாள். ஆயிரத்து இருபது! ஒரு கிலோவைத் தாண்டிவிட்டாள். டாக்டர் வரும்வரை இருங்க என்று இவள் சொல்லச் சொல்ல, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

சாட்சி சொல்லுகிற நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தேன். கனம் என்ற சொல்லைச் சொன்னேன். கிராம் கிராமாகச் சொன்னேன். அழுதேன், ஊரே அழுதது. பாஸ்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கனமும் மகிமையும் உமக்கே" என்று நான் சொன்னபோது மொத்தச் சபையும் எழுந்து நின்றது. என் வாழ்நாளில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அதே நாள், சாயங்காலம்

தண்ணீர். எல்லாம் தண்ணீர்.

ஜூன் 15, திங்கள்

டாக்டர் நேற்று சொன்னதை இன்றுதான் எழுத முடிகிறது. கிருமித் தொற்று. சிறுநீரகம் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்தே அவள் சிறுநீர் கழிக்கவில்லை. உள்ளே ஏற்றுகிற மருந்து நீர் வெளியே போகாமல் உடம்பு முழுவதும் கோத்துக்கொண்டது. கன்னம் பூசியது அதனால்தான். ஏறிய ஒவ்வொரு கிராமும் அவளைக் கொன்றுகொண்டிருக்கிற கிராம்.

ஈர மணலைத் தூரத்தில் பார்த்தே சொல்கிறவன் நான். எத்தனை லாரிக்கு ஈரம் கழித்திருப்பேன், எத்தனை டிரைவரிடம் வசவு வாங்கியிருப்பேன். என் பிள்ளை கண்ணெதிரே ஊறி வீங்கினாள், நான் ஸ்தோத்திரம் சொன்னேன். தண்ணிக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்யா! சபையே எந்திரிச்சு நின்னுச்சே. ஆண்டவரே, நீரும் கேட்டுட்டுத்தானே இருந்தீர்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஜூன் 16, செவ்வாய்

இன்றைக்கும் சிறுநீர் போகவில்லை.

ஜூன் 17, புதன்

போகவில்லை. கண் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம். இவள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 18, வியாழன்

ஹார்ன் இன்று சத்தமில்லாமல் வந்து நின்றான். தார்ப்பாயை விலக்கி, "அண்ணே, காஞ்ச மணல்தான். நல்லாப் பாத்துக்கோங்க" என்றான். கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

படைப்பு கைவிட்டது, வரலாறாவது இருக்கிறதா என்று பார்த்தேன். மோசே அவருடைய மகிமையைக் காட்டச் சொல்லிக் கேட்டான். பாறை வெடிப்பில் நிற்கவைத்துக் கையால் மூடி, கடந்துபோன பிறகு முதுகை மட்டும் காட்டினார். அவ்வளவுதான் வரலாறு. அவர் போன பிறகு தெரிகிற முதுகு. கடல் பிளந்தது, சுவர் விழுந்தது, சிறைப்பட்டவர்கள் திரும்பினார்கள் என்பதெல்லாம் யாருக்கோ, எப்போதோ. எனக்கு இன்றைக்கு ஒரு முகம் வேண்டும். முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை இவளிடம் சொன்னேன். மூன்று நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"கடலைப் பிளந்த கதையெல்லாம் இப்ப எனக்கு வேணாங்க. ஒரு சொட்டு போகட்டும். கடலைப் பிளந்தவருக்கு ஒரு சொட்டு முடியாதா?"

என் ஜெபமும் அதுவாகவே ஆகிவிட்டது. கனத்துக்குரியவரே என்று ஆரம்பிக்க நா எழவில்லை. ஒரு சொட்டு. ஒரு சொட்டு.

ஜூன் 20, சனி

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். நாளைக்குள் சிறுநீர் போகாவிட்டால் இதயம் தாங்காது என்றார். சொல்லிவிட்டு இவளுக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். இவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டரைக் கூப்பிட்டோம். ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார். பெரிய சிஸ்டர், அவரைத் தலை முதல் கால்வரை மூடி உள்ளே விட்டார். பஞ்சில் நனைத்து ஒரு சொட்டு. பெயர் கேட்டார், சொன்னோம். அந்தப் பெயரை இங்கே எழுதப் பயமாக இருக்கிறது. பாஸ்டருக்கு வார்த்தை எல்லாம் மறந்துவிட்டது. அத்தனை படித்தவர், திக்கித் திக்கி முடித்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருபத்தெட்டாம் தேதி நீங்க பேச வேணாம். நான் பார்த்துக்கறேன்."

சரி என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கோபித்துக்கொண்டு போகாமலிருப்பது இதுதான் முதல் தடவை.

காலையில் பக்கத்துப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். எங்களை வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. தையல்காரர் பெஞ்சில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் பையனுடைய தொப்பி. நான் அவர் முதுகில் கை வைத்தேன். பேசினால் அடுத்தது நாங்கள்தான் என்று சொல்லிவிடுவேன் போலிருந்தது.

அப்போது பெரிய சிஸ்டர் கதவைத் திறந்து என்னைத் தேடினார். அவர் கையில் சுருட்டிய ஒரு துணிப்பட்டை, குழந்தைக்குக் கட்டுகிறது.

"காய்ஞ்ச பட்டை பதினோரு கிராம். இது பதினாலு."

எனக்கு விளங்கவில்லை. லோடு வண்டி, வெறும் வண்டி, வித்தியாசம். என் பிழைப்பே அதுதான், ஆனாலும் விளங்கவில்லை. அவர் பொறுமையாக மறுபடி சொன்னார். "மூணு கிராம் ஒண்ணுக்குப் போயிருக்கா சார்."

நான் தையல்காரர் பக்கம் திரும்பவே இல்லை. எந்த முகத்தோடு திரும்புவது? அவர்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"போனாளா?"

"ம்."

"போயிட்டாளா! நல்லது. நல்லதுங்க." தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள ஓடுங்க, அவ அம்மாகிட்ட சொல்லுங்க" என்று என்னைத் தள்ளினார். அந்த முகத்தில் இருந்தது வெறும் சந்தோஷம். மூடிமறைக்கிற சந்தோஷம் இல்லை. அவர் பிள்ளை போய் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஜூன் 23, செவ்வாய்

தொள்ளாயிரத்து எண்பது. நேற்றைவிட எழுபது கிராம் குறைவு. குறையக் குறைய டாக்டர் முகம் தெளிகிறது. எடை இறங்கியதற்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹார்னுக்குத் தெரிந்தால் ஊர் பூராவும் ஊதிவிடுவான்.

ஆனால் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைக்கு மூன்று கிராம் கொடுத்தவர் அந்தப் பையனுக்கு ஏன் கொடுக்கவில்லை? என் ஈரப் பட்டை மகிமை என்றால் தையல்காரர் கையிலிருந்த தொப்பி என்ன? பாஸ்டரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியலப்பா" என்றார். முதல் தடவையாக என்னை அப்பா என்று கூப்பிட்டார். அதன் பிறகு பாடம் எதுவும் நடத்தவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

நானே பேசுகிறேன் என்று காலையில் பாஸ்டருக்குப் போன் செய்தேன். குறிப்பு எதுவும் இல்லாமல் போய் நின்றேன்.

"ரெண்டு வாரம் முன்னாடி இங்க நின்னு எடை கூடிருச்சுன்னு சொன்னேன். அது தண்ணி. இப்ப எடை குறைஞ்சிருச்சு." முன்வரிசையில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இல்லம்மா. ஒண்ணுக்குப் போறா. நல்லாப் போறா." யாரோ சிரித்தார்கள். கோயிலில் இந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லையே.

மற்றதைக் கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. ஏறுகிற எடையைத்தான் மகிமை என்று நினைத்தேன் என்றேன். மலை, கடல், சேனைகள் என்று பெரிது பெரிதாகத் தேடினேன். அவருடைய வரலாறு எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படைத்தவர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, யாரோ தூக்கி எடை சொல்லக்கூடிய ஒரு பிள்ளையாகத் தீவனத் தொட்டியில் கிடந்தார். கடைசியில் சிலுவையில் மிச்சத்தையும் இறக்கிவைத்தார். வெறும் வண்டியை எடை போட்டால்தான் சுமை எவ்வளவென்று தெரியும். தினம் செய்கிற வேலை, அவரிடத்தில் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

"பக்கத்துப் பெட்டிப் பிள்ளை ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இங்க நின்னு பேச மாட்டேன். ஆனா அந்தப் பிள்ளையோட அப்பா என் பிள்ளைக்காகச் சந்தோஷப்பட்டாரு. நான் மோசே மாதிரி முகத்தைக் காட்டும்னு கேட்டுட்டிருந்தேன். பார்த்தது அவர் முகத்துலதான்."

உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

மறுபடி காய்ச்சல். மறுபடி குழாய். சபை நடுவில் பேசினவன் இன்றைக்கு வராந்தாவில் பிச்சைக்காரன். இவ்வளவு பேசியும் பயம் ஒரு கிராம்கூடக் குறையவில்லையே.

ஜூலை 13, திங்கள்

காய்ச்சல் இறங்கிவிட்டது. தையல்காரர் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் மனைவி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். இவள் நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்கிறாள்.

அக்டோபர் 3, சனி

இவள் கேபினுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். இடுப்பில் மிளகு. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, மூன்று கிலோவைத் தொட்டுவிட்டாள். தையல்காரர் தைத்துக் கொடுத்த சட்டை. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

லாரி ஒன்றும் இல்லாத நேரம். மிளகை வாங்கிக்கொண்டு மேடையில் ஏறி நின்றேன். இன்று காலையில் தனியாக நின்றபோதும் அறுபது என்றுதான் காட்டியது. எண்பது என்றது இப்போது.

இறங்கினேன், பூஜ்யம். மறுபடி ஏறினேன். எண்பது.

இவள் கேபின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, கோளாறா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். இதற்குள் ஹார்ன் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, குனிந்து எண்ணைப் பார்த்தான். என் சட்டையையும் பார்த்தான். நெஞ்சிலிருந்து வயிறுவரை மிளகு நனைத்திருந்தாள்.

"அண்ணே, ஈரத்துக்குக் கழிக்கலையா?"

"கழிக்கல" என்றேன்.